‘பேசாமலிருக்கக்கடவர்கள்’: சபையில் பெண்கள் தலைமை வகிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சபையில் வேதபாடம் நடத்துகிறீர்கள், சில சமயம் பிரசங்கமும் செய்கிறீர்கள். மூப்பர் ஒருவர் 1 கொரிந்தியர் 14:34-ஐத் திறந்து காட்டி, “சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்” என்று எழுதியிருக்கிறதே என்கிறார். அப்படியானால் வேறு சபைகளில் பெண் குருமாரும் பெண் பிஷப்புகளும் எப்படி வந்தார்கள், அவர்கள் வேதத்தை மீறுகிறார்களா, போகப்போக எல்லாச் சபைகளும் மாறிவிடுமா?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘ஆயர்’ என்றால் கத்தோலிக்கருக்கு பிஷப். தமிழ் புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் ஆயர் என்பவர் ஒரு சபையை நடத்தும் குருவானவர். பிஷப்பை அங்கே பேராயர் என்பார்கள். கத்தோலிக்கருக்கோ பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். ‘பெண் ஆயர் உண்டா’ என்று இரண்டு பேர் சண்டை போடும்போது இருவரும் வேறு வேறு பதவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதும் உண்டு. அதனால் இங்கே குருவானவர், பிஷப் என்றே சொல்கிறேன்.

சரி, அந்த வசனம். மூப்பரிடம் அதே நிருபத்தில் மூன்று அதிகாரம் பின்னால் போய் 11:5-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் அங்கே எழுதுகிறார். தீர்க்கதரிசனம் என்பது மனதுக்குள் சொல்லிக்கொள்வது அல்ல, கூடியிருப்பவர்கள் கேட்கச் சொல்வது. பெண்கள் சபையில் வாயே திறக்கக் கூடாது என்று நினைக்கிற ஒருவர், வாய் திறக்கும்போது தலையில் என்ன இருக்க வேண்டும் என்று ஏன் எழுத வேண்டும்?

இன்னொன்று இதைவிட முக்கியம். 14ஆம் அதிகாரத்தில் வாயை மூடச் சொல்லப்படுவது பெண்களிடம் மட்டும் அல்ல. அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்நிய பாஷை பேசுகிறவன் பேசக் கூடாது. வேறொருவனுக்கு வெளிப்பாடு வந்தால், முந்திப் பேசினவன் பேசாமலிருக்க வேண்டும். மூன்று இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். முதல் இரண்டையும் ‘கூட்டத்தில் ஒழுங்குக்காகச் சொன்னது’ என்று எல்லாரும் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். மூன்றாவது மட்டும் எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் உரிய சட்டமாகிவிடுகிறது. அடுத்த வசனம், கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் கணவரிடம் கேட்கட்டும் என்கிறது. அதை வைத்து, கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்டுக் குறுக்கிடுவதைத்தான் பவுல் தடுத்தார் என்று பலர் விளக்குகிறார்கள். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 34, 35ஆம் வசனங்கள் இந்த இடத்தில் இல்லாமல் அதிகாரத்தின் கடைசியில் வருகின்றன. அதனால் இவை பவுல் எழுதியவையே அல்ல, ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பு உள்ளே புகுந்துவிட்டது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போவதில்லை. 11ஆம் அதிகாரத்தையும் 14ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தாலே போதும் என்பது என் எண்ணம்.

இதைவிடக் கடினமான வசனம் 1 தீமோத்தேயு 2:12. உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவு கொடுப்பதில்லை என்கிறது. இங்கே எதிர்த்தரப்பை நியாயமாகக் காட்டியாக வேண்டும். பெண் குருத்துவத்தை மறுப்பவர்கள் எல்லாரும் பெண்களை மட்டம் தட்டுகிறவர்கள் அல்ல. அவர்களுடைய வலுவான வாதம் இது: அடுத்த வசனத்திலேயே பவுல் காரணம் சொல்கிறார், அந்தக் காரணம் தீமோத்தேயு இருந்த எபேசு நகரத்து நிலைமை அல்ல, ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்ற படைப்பின் ஒழுங்கு. ஆகவே இது ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறாது. ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு என்பது அவர்கள் நிலை. மறுபக்கத்தின் பதில்: அந்த நிருபம் முழுக்க எபேசில் பரவிய கள்ள உபதேசத்தை எதிர்த்து எழுதப்பட்டது. ‘அதிகாரஞ்செலுத்த’ என்று மொழிபெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. வழக்கமாக அதிகாரத்தைக் குறிக்கப் பவுல் எழுதும் சொல் அது அல்ல. ஆதிக்கம், அடக்கியாளுதல் என்ற வாடை அதில் இருக்கிறது. ஒரே ஒரு முறை வரும் சொல்லின்மேல் சபையில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கதவை அடைப்பது சரியா என்று அவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ஆனாலும் இந்த ஒரு வசனத்தை முடிச்சே இல்லாததுபோல் கடந்து போகிறவர்களை நான் நம்புவதில்லை.

வசனச் சண்டையில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பெண்கள் தலைமைப் பணியைச் செய்தார்களா என்பதில் சரித்திரத்தில் பெரிய சந்தேகம் இல்லை. செய்தார்கள். அந்த வேலைக்கு உரிய பெயரை அவர்களுக்குக் கொடுத்தார்களா என்பதில்தான் வழக்கே.

ரோமர் 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரசங்கங்களில் ‘வெறும் வாழ்த்துப் பட்டியல்’ என்று தாண்டிப்போகும் அதிகாரம். முதல் ஆள் பெபேயாள். தமிழில் ‘கெங்கிரேயா ஊர் சபைக்கு ஊழியக்காரி’ என்று இருக்கிறது. மூலத்தில் உள்ள சொல் ‘தியாக்கோனோஸ்’. இதே சொல் பிலிப்பியர் 1:1-இலும் 1 தீமோத்தேயு 3-இலும் வரும்போது நம் பழைய மொழிபெயர்ப்பு ‘உதவிக்காரர்’ என்று சபைப் பதவியாகவே எழுதுகிறது. பெபேயாளிடம் வந்தவுடன் பதவி போய் ஊழியக்காரி ஆகிவிடுகிறாள். அடுத்த வசனத்தில் ‘ஆதரவாயிருந்தவள்’ என்று மென்மையாக வரும் இடத்தில், கிரேக்கத்தில் இருப்பது புரவலர், முன்நின்று நடத்துபவர் என்ற பொருளும் உள்ள சொல். ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரே பெபேயாள்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்தக் காலத்தில் கடிதம் கொண்டுபோகிறவர் அதை விளக்கவும் வேண்டியிருக்கும். ரோமர் நிருபத்துக்கு முதல் விளக்கம் சொன்னது ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எத்தனை ஆண்கள் அதற்கு எத்தனை தடித்த புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள்!

பிரிஸ்கில்லாள் கணவனோடு சேர்ந்து அப்பொல்லோவுக்கு உபதேசத்தைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தவள். பல இடங்களில் அவள் பெயர் கணவன் பெயருக்கு முன்னால் வருகிறது, அந்தக் காலத்தில் அபூர்வமான வரிசை அது. அப்புறம் யூனியா. ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்’ என்று அன்றோனீக்கோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். தமிழில் வாசிக்கும்போது இது ஆணா பெண்ணா என்றே தெரியாது. நான்காம் நூற்றாண்டு முடிவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் பெண்களைப் புகழ்வதில் தாராளமானவர் அல்லர். அவரே யூனியாவை அப்போஸ்தலர் என்று அழைக்கப்படத் தகுதி பெற்ற பெண் என்று வியக்கிறார். பிறகு இடைக்காலத்தில் அந்தப் பெயர் ஆண்பெயராகத் திரும்பியது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அச்சான கிரேக்கப் பதிப்புகளில் ‘யூனியாஸ்’ என்ற ஆண்பெயராகவே இருந்தது. இப்படி ஒரு ஆண்பெயர் பழங்காலக் கல்வெட்டுகளிலோ ஆவணங்களிலோ கிடைக்கவே இல்லை. அப்போஸ்தலர் என்றால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவிலிருந்து பெயரைத் திருத்தியிருக்கிறார்கள். நூற்றாண்டு முடிகிற வேளையில் பதிப்புகளில் யூனியா திரும்பி வந்தார். ‘அப்போஸ்தலர்களுக்கு நன்கு தெரிந்தவர்’ என்றுதான் அந்த வரியைப் படிக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர் பெண் என்பதை இப்போது ஏறக்குறைய யாரும் மறுப்பதில்லை.

மகதலேனா மரியாளுக்கு நடந்தது இன்னொரு வகை. உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டு சீடர்களிடம் போய்ச் சொன்னவள் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. 591இல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அவளையும் லூக்கா 7-இல் வரும் பாவியான பெண்ணையும் ஒன்றாக்கிப் பேசினார். அதோடு மேற்கத்திய உலகில் அவள் சாட்சி என்பது பின்னுக்குப் போய், மனந்திரும்பிய விபசாரி என்ற படம் ஒட்டிக்கொண்டது. 2016இல்தான் போப் பிரான்சிஸ் அவளுடைய நினைவுநாளை அப்போஸ்தலர்களின் நாள்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தினார்.

பதவியாகவே இருந்த காலமும் உண்டு. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததைச் சொல்கிறார். கிறிஸ்தவர்கள் அவர்களைத் திருப்பணியாளர்கள் என்று அழைத்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார். 451இல் பிஷப்புகள் கூடிய கல்சதோன் பொதுச்சங்கம், 40 வயதுக்குக் குறைந்த பெண்ணை உதவிக்காரியாக அபிஷேகம் செய்யக் கூடாது என்று விதித்தது. வயது வரம்பு வைக்கிறார்கள் என்றால் பதவி இருந்திருக்கிறது. அது முழு அபிஷேகமா, வெறும் ஆசீர்வாதமா என்று கத்தோலிக்க அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கிழக்கத்திய சபையில் அந்த மரபு மெல்ல மங்கினாலும் அற்றுப்போகவில்லை. 2024 மே மாதம் சிம்பாப்வேயில் அலெக்சாந்திரியா ஆர்த்தடாக்ஸ் சபை ஏஞ்சலிக் மோலன் என்ற பெண்ணை உதவிக்காரியாக அபிஷேகம் செய்தது.

நடுக்கால மடத்தலைவிகள், பிரசங்கம் செய்த குவேக்கர் பெண்கள், இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் என்று இடையில் நிறைய உண்டு, அவற்றுக்குள் போனால் முடியாது. 1853இல் அமெரிக்காவில் அன்டோனெட் பிரவுன் ஒரு காங்கிரிகேஷனல் சபையில் குருவாக அபிஷேகம் பெற்றார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெண் குருமார் 1960களின் பெண்ணியத்தோடு வந்த புதுமை என்று யாராவது சொன்னால் உதவும்.

ஒரு கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண். ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்து திருச்சபையின் வழிவந்த சபையில், உதவிக்காரியாக இருந்தார். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அவர் பணிசெய்த மக்காவ் போர்ச்சுகல் வசம், நடுநிலைப் பகுதி. ஜப்பானியரிடமிருந்து தப்பிய அகதிகள் அங்கே குவிந்தார்கள். நற்கருணை கொடுக்கக் குருவானவர் யாரும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. ஹாங்காங் பிஷப் ரொனால்டு ஹால் முதலில் லீ குருவாகாமலே நற்கருணை நடத்த அனுமதித்தார். பிறகு, வேலையைச் செய்கிறவளுக்கு அபிஷேகமும் கொடுத்துவிடுவதே முறை என்று முடிவுசெய்தார். 1944 ஜனவரி 25 அன்று அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார். ஆங்கிலிக்கன் உலகில் முதல் பெண் குரு அவர்தான்.

போர் முடிந்தது. நெருக்கடி தீர்ந்தவுடன் மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. பிஷப்புக்குச் சங்கடம் வேண்டாம் என்று 1946இல் லீ குருவாகப் பணிசெய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தைத் துறக்கவில்லை, உரிமத்தை மட்டும்தான். பிறகு கலாச்சாரப் புரட்சியில் சபைகள் மூடப்பட்டன, அவர் பண்ணை வேலைக்கும் அவமானத்துக்கும் ஆளானார். 1971இல் ஹாங்காங் இன்னும் இரண்டு பெண்களைக் குருவாக்கி, லீயின் குருத்துவத்தையும் ஏற்றது. முதுமையில் கனடாவுக்குப் போய் மறுபடி குருவாகப் பணியாற்றினார். 1992 பிப்ரவரியில் இறந்தார். இங்கிலாந்து திருச்சபையின் பொதுமன்றம் பெண்களைக் குருவாக்க வாக்களித்தது அதே ஆண்டு நவம்பரில்.

அப்புறம் நடந்தவை பலருக்கும் தெரியும். பார்பரா ஹாரிஸ் 1989இல் அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் பிஷப் ஆனார். லூத்தரன்களில் 1992இல் ஹாம்பர்கில் மரியா யெப்சன். தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துக்கு முதல் பெண் பிஷப் லிபி லேன் கிடைத்தது 2015இல்தான். 2025 அக்டோபரில் சாரா மலாலி இங்கிலாந்து திருச்சபையின் தலைமை பிஷப்பான காண்டர்பரி ஆர்ச்பிஷப்பாக அறிவிக்கப்பட்டார். அந்த இருக்கைக்கு வரும் முதல் பெண், முன்னாள் செவிலியர்.

கத்தோலிக்கரின் நிலை வேறு அடித்தளத்தில் நிற்கிறது, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் ‘பெண் பேசக் கூடாது’ என்று வாதாடுவதில்லை. மறைவல்லுநர், அதாவது திருச்சபை முழுவதற்கும் உபதேச ஆசான், என்ற பட்டத்தையே நான்கு பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனும் 1970இல். வாதம் இதுதான்: இயேசு பன்னிருவராக ஆண்களைத் தேர்ந்தார், நற்கருணையில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், இதை மாற்றத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை. 1994இல் இரண்டாம் ஜான் பால் இதை எழுத்தில் உறுதியாக்கினார். அதன்பின் பிரான்சிஸ் வேறு வழியில் நகர்ந்தார். குருத்துவத்தைத் தொடாமல் நிர்வாகத்தைப் பிரித்தெடுத்தார். 2022இல் வந்த புதிய அமைப்புச் சட்டம், குருவல்லாதவரும் வத்திக்கான் துறைகளுக்குத் தலைமை வகிக்கலாம் என்றது. 2023இல் கூடிய பிஷப்புகள் மன்றத்தில் முதன்முறையாக 54 பெண்கள் வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா துறவியருக்கான துறையின் தலைவரானார். கூடவே அதே துறைக்கு ஒரு கர்தினாலை இணைத்தலைவராகவும் போட்டார்கள். கொடுத்ததைக் கொடுத்தபடியே விட மனம் வரவில்லை போலும். உலகளவில் அருட்சகோதரிகளின் எண்ணிக்கை குருக்களின் எண்ணிக்கையைவிட அதிகம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தெற்கத்திய பாப்டிஸ்டுகள் எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படுவார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்டு அமைப்பு அது. போதகர் பதவி ஆண்களுக்கு மட்டும் என்று 2000இல் விசுவாச அறிக்கையிலேயே எழுதினார்கள். பெண்களைப் போதகராக்கியதற்காக 2023இல் சாடில்பேக் என்ற மாபெரும் சபையை வெளியேற்றினார்கள். இதை அமைப்புச் சட்டத்திலும் சேர்க்க 2024இல் முயன்றபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றது. இவர்களே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மிஷனரிகளுக்காகத் திரட்டும் பெரிய காணிக்கைக்கு லாட்டி மூன் என்ற பெண்ணின் பெயர். சீனாவில் சுமார் 40 ஆண்டுகள் ஊழியம் செய்தவர்.

சரி, பெண் குருமார் உள்ள சபைகளில் சமத்துவம் வந்துவிட்டதா? கதவு திறந்தது, ஆனால் வீட்டில் எந்த அறை கிடைக்கிறது என்பது வேறு. பெரிய சபைகளின் தலைமைக் குருவாகப் பெண்கள் வருவது இன்னும் குறைவு. சிறிய சபைகள், உதவிக் குரு பதவி, சம்பளமில்லாத பொறுப்பு, இவைதான் அதிகம் அவர்கள் பக்கம் வருகின்றன. இங்கிலாந்து திருச்சபையில் குருமாரில் சுமார் மூன்றில் ஒருவர் பெண். ஆனால் ஒரு பங்கின் மன்றம் தீர்மானம் போட்டால் ஆண் பிஷப்பின் பராமரிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இன்றும் உண்டு. பெந்தெகொஸ்தே வட்டத்தில் தலைகீழ்க் கதை. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு வித்திட்ட அசூசா தெரு எழுப்புதலில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எய்மி செம்பிள் மெக்பர்சன் ஒரு சபைப் பிரிவையே நிறுவினார். அமைப்பு வளர்ந்து, கட்டடமும் சம்பளமும் குழுக்களும் வந்தபின் பல இடங்களில் மேடை ஆண்களுக்கானது. பணமும் பதவியும் சேருகிற இடத்தில் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்படுவதை இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறோம்.

இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஆள் போதகரின் மனைவி. ஆலோசனை சொல்வது, ஞாயிறு பள்ளி, பெண்கள் கூடுகை, நோயாளிகளைப் பார்ப்பது, இழவு வீட்டில் உட்கார்வது எல்லாம் அவர் தலையில். பட்டம் கணவருடையது, சம்பளமும் கணவருடையது. பெண் தலைமையை எதிர்க்கும் சபைகள்தான் இந்தத் தலைமையின்மேல் அதிகம் சாய்ந்து நிற்கின்றன.

உங்கள் கடைசிக் கேள்வி, எல்லாச் சபைகளும் மாறிவிடுமா. மாறும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியப் பிரஸ்பிட்டீரியன் சபை பெண்களை அபிஷேகம் செய்துவந்து, 1991இல் அதை நிறுத்தியது. லாத்வியா லூத்தரன் சபை 1975 முதல் பெண்களைக் குருவாக்கியது. 1993இல் புதிய தலைவர் வந்ததும் அது நின்றுபோனது, 2016இல் ஆண்களுக்கு மட்டும் என்று சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

அந்த மூப்பரிடம் வசனத்தை வைத்து வாதாட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், 11:5-ஐக் கட்டாயம் காட்டுங்கள். கூடவே வேறு சிலவற்றையும் கேளுங்கள். சபையின் பணக்கணக்கில் கையெழுத்திடுகிறவர்களில் பெண் உண்டா? குருவானவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எத்தனை பெண்கள்? நீங்கள் நடத்தும் வேதபாடத்தை ஒரு ஆண் நடத்தியிருந்தால் சபைப் பதிவேட்டில் அவருக்கு என்ன பதவிப்பெயர் எழுதியிருப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் என்ன சொல்கிறார் என்று முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.